சொல்லுக்கு ஊர் கேட்ட டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்குத் தேநீரோடு மாலுபாண், அதாவது மீன் அடைத்த ரொட்டி, வரும். உள்ளே மீன் இருக்கிறதா, வெறும் உருளைக்கிழங்குதானா என்று நாங்கள் பிய்த்துப் பார்ப்போம். அந்த டீச்சர் மட்டும் பாணைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்:

"பாணுங்கிற சொல்லுக்கு ஊர் எது தெரியுமா?"

"பேக்கரிதான்" என்பார் விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்துச் சேர்.

"போர்த்துக்கல். கப்பலேறி வந்து இங்கேயே குந்திக்கிச்சு. நீங்க சாஞ்சிருக்கிற கதிரையும் அப்படித்தான், அந்த அலுமாரியும் அப்படித்தான். அதுங்ககிட்ட யாரும் பிரஜாவுரிமை கேக்கல."

"உங்கட கதை எல்லாத்திலையும் ஒரு குத்து இருக்கும் டீச்சர்."

"குத்து இல்ல சேர், பசி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்குவார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றிலிருந்து காலை பஸ்ஸில் கண்டிக்கு இறங்கி வந்து, தரம் ஆறு முதல் ஒன்பது வரை ஆங்கிலம் படிப்பித்தவர். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். நான் அங்கே பிரதி அதிபர். ஆங்கிலப் பகுதிக்கும் நானே பொறுப்பு. நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்தவன். அவர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர். எங்கள் இருவரில் ஆங்கிலம் அதிகம் தெரிந்தவர் அவர்தான். இதை எழுபத்தாறு வயதில் கண்டுபிடித்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கே எனக்கு நன்றாகத் தெரியும்.

அவரிடம் ஒரு தடித்த ஆங்கில அகராதி இருந்தது. மார்க்கெட் பக்கம் நடைபாதையில் வாங்கியது. மேலட்டை போய்விட்டதால் கோதுமை மாப் பையின் துணியால் தைத்துப் போட்டிருந்தார். நாமெல்லாம் அகராதியில் அர்த்தம் பார்ப்போம். அவர் முதலில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இருக்கும் பூர்வீகத்தைப் படிப்பார். சொல் எந்த மொழியில் பிறந்தது, எந்த வழியாக வந்தது, வழியில் என்னென்ன ஆனது என்று தெரிந்த பிறகுதான் அர்த்தத்துக்கு வருவார். "ஆளைத் தெரியாம வேலை வாங்கக் கூடாது சேர்" என்பார்.

ஒருமுறை ஏதோ படிவங்களைப் பெற்றோர் நிரப்பி அனுப்பவில்லை. எரிச்சலில் நான் ஆசிரியர் அறையில், "இந்தத் தோட்டக்காட்டு ஆக்களோட இதே தொல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் மூலையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"தோட்டம் நல்ல சொல்லு" என்றார். "காடும் நல்ல சொல்லு. ரெண்டையும் சேர்த்ததும் வசவு ஆயிருச்சு. சேர்த்தது யாருன்னுதான் ரொம்ப நாளா தேடிக்கிட்டிருக்கேன்."

கோபமே இல்லாத குரல். அதன்பிறகு சிவப்புப் பேனை தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எங்கள் பள்ளிக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: "சேருக்கு ஊர் எது?" நான் "கண்டிதான்" என்றேன். "அதுக்கு முந்தி?" என்று கேட்டார். "கண்டிதான்" என்று திரும்பவும் சொன்னேன். என் தாத்தா கலஹாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்துச் சாக்குத் தூக்கியவர். என் தகப்பனார் நகரசபையில் கிளார்க் ஆனதும் அந்தக் கதையை வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் பேச்சையும் நடையையும் மாற்றிக்கொண்டு, கலியாணமும் அதற்கேற்ற இடத்தில் செய்துகொண்டவன். சொற்களிடம் ஊர் கேட்கிற ஒருவர் பக்கத்து மேசையில் இருப்பது எனக்கு நிம்மதியாக இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு முன் ஆசிரியர்களுக்கு ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் எழுதி ஒட்டினேன். பெற்றோரிடம் 'நைஸ்' ஆக நடந்துகொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நைஸுக்கு முதல் அர்த்தம் 'ஒண்ணுந் தெரியாதவன்' சேர். லத்தீன்ல இருந்து பிரெஞ்சுக்கு வந்தப்பவும் முட்டாள்தான். அப்புறம் கூச்சக்காரன் ஆச்சு, நுணுக்கம் பார்க்கிறவன் ஆச்சு, கடைசியில நல்லவன் ஆயிருச்சு. எப்படி ஏறி வந்திருக்கு பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொல்லைப் பற்றித்தான் பேசினார். கீழே இருந்து ஏறி, ஏறிய வழியை மறைத்துக்கொண்ட ஆள் என்று என்னைச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அந்த எண்ணம் வந்திராது. குற்றமுள்ள நெஞ்சுக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கும்.

அவருக்கு மிகவும் பிடித்த ஆங்கிலச் சொல் 'சில்லி'.

"சில்லியோ, மிளகாயோ?" என்று விஞ்ஞானச் சேர் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"மிளகாய் மெக்சிகோவில இருந்து வந்தது சேர். இது அசல் இங்கிலீஷ்காரன். ஆதியிலேயே அங்க பிறந்தவன்."

அவர் அந்தச் சொல்லை எட்டாம் வகுப்புக்கு விளக்கியதை நான் வராந்தாவில் நின்று முழுதாகக் கேட்டேன். கரும்பலகையில் ஹந்தானை ரோட்டை வளைவு வளைவாக வரைந்திருந்தார். மேலே லயம், பிறகு கோயிலடி, அதற்குக் கீழே பெரிய வளைவு, ஆஸ்பத்திரியடி, கடைசியில் குட்ஷெட் பஸ் நிலையம். பிள்ளைகள் பாதிப் பேர் தினமும் வருகிற வழி.

"இந்தச் சொல்லு மேல லயத்தில பஸ் ஏறுது. அப்ப அதுக்குப் பேர் 'சீலி'. அர்த்தம், கடவுள் அருள் பெற்றவன், சந்தோசமா இருக்கிறவன். கோயிலடிக்கு வரும்போது சூதுவாது தெரியாதவன்னு ஆகுது. நல்ல பேருதான். பெரிய வளைவுல, ஐயோ பாவம்னு இரக்கப்பட வேண்டியவன். ஆஸ்பத்திரியடியில பலமில்லாத சீக்காளி. குட்ஷெட்ல இறங்கிறப்ப?"

"முட்டாள்!" என்று வகுப்பே கத்தியது.

"ஏறினவன்தான் இறங்கினான். வழியில ஆள் மாறல. கீழ வர வர, கூப்பிடுறவங்கதான் மாறிட்டாங்க. நம்ம 'அப்பாவி'யும் இதே பஸ்லதான் வந்துச்சு. பாவம் இல்லாதவன்தான் அப்பாவி. இப்ப ஏமாந்தவனையெல்லாம் அப்பாவின்னு சொல்றோம்" என்றார்.

பிறகு தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அந்த அண்ணனை நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மேலே ஒரு மரணவீட்டுக்குப் போனபோது, லயத்தடியில் பஸ் நின்றதும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஓடிவந்து, இறங்கிய பெண்களின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி வீட்டு வாசல்வரை கொண்டுபோய் வைத்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் எதுவும் கொடுக்கவுமில்லை. ஒரு பெண், "இன்னைக்கு மீன் இருக்கு, அலுங்காமக் கொண்டு போ மாமா" என்றாள். அவருக்குப் பத்து வயதுப் பிள்ளையின் மனசு. டீச்சர் கலியாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போனபிறகு அண்ணனுக்குச் சமைத்துக் கொடுக்க மாலையில் வீடு திரும்பியாக வேண்டும்.

"டவுனுக்குக் கூட்டிட்டு வந்தா அவரை லூசுங்கிறாங்க" என்று அன்று வகுப்பில் சொன்னார். "எங்க லயத்தில அவருக்கு அந்தப் பேர் இல்ல. இந்தச் சொல்லு மேல இருந்தப்ப என்னவா இருந்துச்சோ, அதுதான் எங்க அண்ணே."

அதன்பிறகு அந்த வகுப்பில் ஒரு வழக்கம் ஆரம்பமானது. மூன்று மாதத் தவணைக்கு ஒரு பிள்ளையை, அதிகப் புள்ளி எடுத்ததற்காக இல்லாமல், ஒளிவு மறைவில்லாத நல்ல மனசுக்காக, பிள்ளைகளே சேர்ந்து தெரிவு செய்வார்கள். அந்தப் பிள்ளைக்குத்தான் 'சில்லி' பட்டம். கட்டுக்கட்டாகச் சான்றிதழ் வாங்குகிற பிள்ளைகள்கூட அந்தப் பட்டத்துக்கு ஏங்கினார்கள். இரண்டாம் தவணையில் கெலிஓயாவிலிருந்து வரும் ஒரு பிள்ளை தெரிவானாள். அவள் கேட்டுக்கொண்டபடி டீச்சர் அதைத் தேர்ச்சி அறிக்கையிலும் எழுதிக் கொடுத்தார்: 'இவள் எங்கள் வகுப்பின் சில்லிப் பிள்ளை' என்று, ஆங்கிலத்தில், ஒரே வரி.

மறுநாள் காலையில் அவளுடைய தகப்பன் வந்தார். கெலிஓயாவில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அதிபரின் அறையில் நான், டீச்சர், அவர், அந்தப் பிள்ளை. அறிக்கையை மேசையில் விரித்துவைத்தார்.

"மொதல்ல 'சில்லறை'ன்னு எழுதியிருக்குன்னு நெனைச்சேன் சேர். எழுத்துக் கூட்டிப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது. நான் எட்டாவதுதான் படிச்சேன். ஆனா இந்தச் சொல்லு எனக்கு நல்லாத் தெரியும். கொழும்புல கடையில நின்னப்ப முதலாளி மகன் என் பேரைச் சொன்னதே இல்ல. ரெண்டு வருசம், 'சில்லி ஃபெலோ, இங்க வா. சில்லி ஃபெலோ, அங்க போ.' அதுக்காகவா என் புள்ளைய இங்கிலீஷ் படிக்க அனுப்பினேன்?"

"அப்பா, அது பரிசுப்பா" என்றாள் பிள்ளை.

"நீ சும்மா இரு."

டீச்சர் எழுந்து நின்றார். "அண்ணே, அந்தச் சொல்லு உங்களை அடிச்சிருக்குன்னு எனக்குத் தெரியாம போச்சு. அதுக்கு மன்னிச்சிருங்க. நான் எழுதினது வேற அர்த்தத்தில." பிறகு என் பக்கம் திரும்பினார். "சேருக்குத் தெரியும்."

நான் மேசையில் கிடந்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகப்பன் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார். அதிபர் சண்டை சச்சரவை விரும்பாத மனிதர். அன்று பின்னேரம் என்னை அழைத்து, "சேர், இந்தச் சொல்லுக்கு நல்ல அர்த்தம் ஒன்று இருந்தா ரெண்டு வரி எழுதித் தாங்க. அதை வைச்சு நான் இங்கேயே முடிச்சிடுறேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நீங்க சொன்னா சரி" என்றார்.

அந்த மாதம் வலயக் கல்வி அலுவலகத்தில் ஆங்கில ஆசிரிய ஆலோசகர் பதவிக்கு டீச்சரின் பெயர் முதலாவதாக இருந்தது. அது கிடைத்தால் அலுவலகமும் கண்டியிலேயே. வீட்டுக்கு நேரத்தோடு போகலாம். கிடைத்தால், என் பள்ளிக்கே வந்து, என் பாடத்தைப் பின்வரிசையில் அமர்ந்து பார்த்துக் குறிப்பெழுதும் உரிமையும் அவருக்கு வரும். நான் அதிபருக்கு எழுதிக் கொடுத்தது இது: 'இச்சொல் இன்று முட்டாள்தனமான, அற்பமான என்ற பொருளிலேயே வழங்குகிறது. தேர்ச்சி அறிக்கையில் எழுதத் தகுந்த சொல் அல்ல.'

இரண்டு வாக்கியமும் உண்மை. இன்றைக்கு எந்த ஆங்கிலப் பேராசிரியரிடம் காட்டினாலும் பிழை சொல்ல மாட்டார். நான் வேண்டுமென்றே எழுதிய பாதி உண்மை அது. மறுபாதியை வராந்தாவில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டவன் நான்.

அதோடு நின்றிருந்தாலும் ஒரு வழி இருந்தது. நாலைந்து நாள் கழித்து அந்தத் தகப்பன் திரும்ப வந்தார். அதிபர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். கடைக்காரர் என் மேசைக்கு முன்னால் நின்று, சிகரெட் பெட்டி அட்டையொன்றைக் காட்டினார். பின்பக்கத்தில் பேனையால் ஒரு ரோடு, வளைவு வளைவாக.

"மகள் வரைஞ்சு காட்டினா சேர். நான்தான் தப்பா எடுத்துட்டேன். அந்த டீச்சர் நல்லவங்க. என் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருங்க. நான் கிழிச்சுப் போட்டுர்றேன்."

"அது வலயத்துக்குப் போய்ட்டுதே" என்றேன்.

அவர் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டார். "அங்க போய்க் கேக்கலாமா?"

"இனி ஒண்ணும் செய்ய ஏலாது. அது அவங்கட நடைமுறை."

வலயத்துக்கு அனுப்பச் சொல்லி அதிபர் தந்த கடிதம் அப்போது என் மேசை லாச்சியில் இருந்தது. என் குறிப்பையும் சேர்த்துக் கட்டி, மறுநாள் காலைத் தபாலில்தான் அனுப்பினேன்.

ஆலோசகர் பதவி வேறொருவருக்குப் போனது. டீச்சருக்கு நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தது. போய்வர முடியாத தூரம். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே ஓர் அறை எடுத்தார். தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் வீட்டில் இல்லையென்று லயத்து அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசி நாள் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, என்னிடமும் வந்து, "போயிட்டு வர்றேன் சேர்" என்றார்.

ஒரு வருடத்துக்குள் விஞ்ஞானச் சேர் அவரைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். புது ஊரில் அண்ணன் வழக்கம்போல பஸ் நின்ற இடத்துக்கு ஓடிப்போய், இறங்கிய பெண்ணொருத்தியின் பையை வாங்கியிருக்கிறார். திருடன் என்று நினைத்து அங்கே நின்றவர்கள் அடித்துவிட்டார்கள். கை முறிந்தது. "கை சுகமாயிட்டுது. ஆனா ஆள் இப்ப அறையை விட்டு வெளியில வாறதில்லையாம். பஸ் சத்தம் கேட்டாக் கட்டிலுக்குக் கீழ போயிடுறாராம்" என்றார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். பாடத்துக்கு மணி அடித்தது. எழுந்து போனேன்.

பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. போன மாதம் கண்டியில் ஒரு வங்கியில் ஓய்வூதிய விஷயமாக நின்றபோது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தக் கெலிஓயாப் பிள்ளை. தகப்பன் சுகமாக இருக்கிறார், டீச்சரோடு இப்போதும் வட்ஸ்அப்பில் பேசுவதுண்டு என்றாள். "நம்பர் வேணுமா சேர்?" என்று அவளாகவே எழுதித் தந்தாள். என்னை நல்லவனென்று நினைத்துத்தான் தந்தாள்.

அதை மூன்று நாள் சட்டைப் பையில் வைத்திருந்துவிட்டு, நாலாம் நாள் காலை அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

என் குரலை உடனே கண்டுபிடித்தார். உடம்பு எப்படி, வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டார். அவருக்கு இன்னும் அதே நாவலப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான், ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. அண்ணன் தவறி ஏழு வருடம்.

"டீச்சர், அன்னைக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சேர். விசாரணைக்குக் கூப்பிட்டப்ப ஃபைல்ல காட்டினாங்க. உங்க கையெழுத்து. அதுல பிழை ஒண்ணும் இல்லையே."

"அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு. உங்களுக்குத் தெரியாது."

தகப்பன் திரும்பி வந்ததையும், கடிதம் லாச்சியில் இருந்ததையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. ஆலோசகர் பதவியைப் பற்றிய என் கணக்கையும் சொன்னேன். மறுமுனையில் பள்ளிக்கூடத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பிள்ளைகள் ஏதோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைச் சாத்தியிருக்க வேண்டும், அந்தச் சத்தம் அடங்கியது.

"அந்த மனுசன் திரும்பி வந்தாரா?" என்றார்.

"வந்தார்."

"அவர் வந்தது எனக்குத் தெரியாது."

"சொரி, டீச்சர்" என்றேன்.

பழைய நாளில் கொப்பி திருத்தும்போது பேசுகிற அதே குரலில் பேசினார்.

"சொரிங்கிறது புண்ணைச் சொல்ற இங்கிலீஷ் 'சோர்'ங்கிற சொல்லுக்குப் பிறந்த பிள்ளை சேர். துக்கத்துக்குச் சொல்ற 'சொரோ' இருக்கே, அது வேற வீடு. இது நோவு. ஆதியில உடம்போ மனசோ நோகிறவன் மட்டும்தான் இதைச் சொல்லுவான். இப்ப பஸ்ல கால மிதிச்சவன்கூடச் சொல்லிட்டு இறங்கிப் போறான். உங்களுக்கு நோகுதா?"

"நோகுது."

"எத்தனை நாளா?"

அன்றிலிருந்து என்று சொல்லத்தான் வாய் வந்தது. அது பொய். அன்று தபால் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. முறிந்த கையைப் பற்றிக் கேட்ட அன்றும் இரவு நன்றாகத் தூங்கினேன்.

"ரொம்ப நாளா இல்ல டீச்சர்" என்றேன். "வேலை, பதவி, அதுக்கப்புறம் டியூஷன் எல்லாம் போய் வீட்டில சும்மா உட்கார்ந்த பிறகுதான். ஏழெட்டு வருசம் இருக்கும். அதுக்கு முந்தி நோகல."

"இது உண்மை" என்றார். "சரி, இப்ப அந்தச் சொல்லைச் சொல்லுங்க."

சொன்னேன்.